தோட்டத்துக்கு ஒரு பிரதிநிதி பிறந்த கதை

தேர்தல் வந்தால் இன்று சப்ரகமுவத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் சுவரொட்டி. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் வேட்பாளர்கள் படியேறி வந்து வாசலில் நின்று கும்பிடுகிறார்கள். தொழிற்சங்கக்காரர் வருகிறார், பிரதேச சபைக்காரர் வருகிறார், பாராளுமன்றத்துக்குப் போக நினைப்பவரும் வருகிறார். அம்மாமார் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தண்ணிக் குழாயைப் பற்றியும் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

நூறு வருடத்துக்கு முன்னால் இதே வாசலுக்கு வெளியாள் ஒருவர் துரையின் அனுமதி இல்லாமல் வந்திருந்தால், அது அத்துமீறல். பிடித்துப் பொலிசில் கொடுக்கலாம். தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தம், லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். அந்த லயத்துக்குள் இருந்த மனிதருக்காக நாட்டின் சட்டசபையில் பேச ஒரு ஆள் எப்படி உண்டானார் என்பது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய கதை.

முதலில் அந்தக் காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தொழிலாளிக்கு ஒரு குறை என்றால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி பெரியகங்காணியிடம் சொல்வார். அவருக்கு மனமிருந்தால் கணக்கப்பிள்ளை, கண்டக்டர் வழியாகத் துரையின் காதுக்குப் போகும். ஆனால் தொழிலாளியின் பெரிய குறையே கங்காணியிடம் பட்ட கடன்தான். ஊரிலிருந்து ஆள்கட்டி வந்த செலவு, அரிசி, கம்பளி, கல்யாணம், கருமாதி எல்லாமே கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தத் துண்டைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறினாலும் கடன் மாறாது. இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தியது 1921இல்தான். கடன்காரனிடமே போய்க் கடனைப் பற்றி முறையிட வேண்டிய நிலையில் இருந்த மக்களுக்கு, வெளியிலிருந்து ஒரு வாய் தேவைப்பட்டது.

அந்த வாய் தஞ்சாவூரிலிருந்து வந்தது. கோதண்டராம நடேசய்யர் அங்கே ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். வியாபாரிகளுக்கான பத்திரிகை. அந்தத் தொடர்பில் கொழும்புக்கு வந்தவரின் காதில் தோட்டத்துச் செய்திகள் விழுந்தன. நேரில் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். பத்திரிகைக்காரர் என்று சொல்லிக்கொண்டு எந்தத் தோட்டத்துக்குள்ளும் நுழைய முடியாது. ஆகவே புடவை வியாபாரியாகப் போனார்.

புடவை வியாபாரிக்குத் தோட்டத்தில் தடை குறைவு. அவன் வராவிட்டால் பெண்டுகளுக்குச் சீலை கிடையாது. மூட்டையை இறக்கி வைத்தால் லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்வார்கள். சீலையைத் தடவிப் பார்த்து விலை பேசும்போது வீட்டுக் கதையும் தானாக வரும். கையில் இவ்வளவுதான் இருக்கிறது, மிச்சம் கங்காணி பிடித்துக்கொண்டார் என்பாள் ஒருத்தி. அரைநாள் கூலிதான் என்று அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்பாள் இன்னொருத்தி. எந்த ஆணைக்குழுவும் கச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சாட்சியத்தைப் பெற முடியாது. நடேசய்யர் அதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். கேட்டதை எழுதினார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று தமிழில் பத்திரிகைகள் வெளிவந்தன. ஆங்கிலத்தில் ‘சிட்டிசன்’ நடத்தினார். துரைமாரின் ஆட்சியைப் பற்றி ‘பிளாண்டர் ராஜ்’ என்று ஆங்கிலத்திலேயே ஒரு நூல் எழுதினார். தோட்டத்துக்காரன் படும் பாட்டை வெள்ளைக்காரனின் மொழியிலேயே அவன் மேசையில் வைத்தது பெரிய துணிச்சல். தோட்ட முதலாளிகள் அவரை ஆபத்தான ஆளாகப் பார்த்ததில் வியப்பில்லை.

எழுதுவதோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல பத்திரிகையாளராக மட்டும் இருந்திருப்பார். அவர் சபைக்குள் போனார். 1924இல் சட்டநிரூபண சபை திருத்தி அமைக்கப்பட்டபோது 49 உறுப்பினர்களில் 2 இடம் இலங்கையில் வாழும் இந்தியருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் நின்ற நடேசய்யர் தோற்றார். வென்ற இருவரில் ஒருவரான மொகமட் சுல்தான் காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. 1925இல் அதில் நின்று வென்றார்.

இங்கே ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். அவருக்கு வாக்களித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள் அல்லர். அந்தக் காலத்தில் வாக்கு என்பது வருமானமும் சொத்தும் படிப்பும் உள்ள சிலருக்கு மட்டும். கொழும்புக் கடை முதலாளி, செட்டியார், எழுதுவினைஞர் ஆகியோரின் வாக்கில்தான் அவர் சபைக்குப் போனார். போன பிறகு யாருக்காகப் பேசினார் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது. வாக்கே இல்லாதவரின் கூலியையும் கடனையும் லயத்தையும் பற்றி அவர் சபையில் பேசினார். ஒருவரிடம் வாக்கு வாங்கி இன்னொருவருக்காகப் பேசுவதில் ஓர் அரசியல்வாதிக்கு எந்த லாபமும் இல்லை. அந்த லாபமில்லாத வேலையிலிருந்துதான் தோட்டத்தின் பிரதிநிதி பிறந்தார்.

அவர் சபையில் இருந்த காலத்தில் நடந்த பெரிய காரியம் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அது அவர் ஒருவரால் வந்ததல்ல. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் அதன் பின்னால் பெரிதாக இருந்தது. 1929இல் கூலியை நிர்ணயித்தபோது நாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். மலைநாட்டில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், இடைநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம். பெண்ணுக்கு முறையே 43, 41, 40 சதம். தாழ்நாட்டு ரப்பர் மலையில் விடியற்காலைக் குளிரில் பால் வெட்டிய பெண்ணுக்கு 40 சதம்தான் சட்டம் சொன்ன கூலி. அதுகூட நிலைக்கவில்லை. உலகப் பொருளாதாரச் சரிவில் தேயிலையும் ரப்பரும் விலை விழுந்ததும் கூலியில் கை வைத்தார்கள். அப்போதுதான் சபையில் பேசுவது மட்டும் போதாது, தோட்டத்துக்குள் சங்கம் வேண்டும் என்பது நடேசய்யருக்கு உறுதியானது.

அதற்கு முன்னர் அவர் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் கொழும்பில் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் எழும்பியது. இருவரும் பிரிந்தார்கள். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிக்கென்று பிறந்த முதற் சங்கம் அதுதான்.

அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் அவருக்குச் சமமாக நின்றவர் மனைவி மீனாட்சி அம்மாள். கூட்டம் தொடங்குமுன் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்த தோட்டங்களில் துண்டுப் பிரசுரத்தை விடப் பாட்டுக்குத்தான் வலு. கூலிக் குறைப்பும் கங்காணிக் கடனும் லயத்து வாழ்க்கையும் மெட்டில் ஏறி, கொழுந்து மலைக்கும் போய்ச் சேர்ந்தன. அம்மாள் தானே எழுதிய பாடல்களை அச்சிட்டும் பரப்பினார். தோட்டத்துப் பிரதிநிதித்துவத்தின் பிறப்புக் கதையை எழுதும் யாரும் அந்த அம்மாளை அடிக்குறிப்பில் வைத்துவிட்டுப் போக முடியாது.

இனி வாக்குக்கு வருவோம். டொனமூர் ஆணைக்குழு வயது வந்தோர் வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு என்று 1931இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் அப்படி ஒரு வாக்கு வேறெங்கும் இல்லாத காலம். ஆனால் அந்தப் பரிந்துரைகளைச் சட்டநிரூபண சபை ஏற்றுக்கொண்டது 19க்கு 17 என்ற வாக்கில்தான், அதுவும் இந்தியத் தொழிலாளரின் வாக்கைச் சுற்றி வேலி கட்டிய பிறகு. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். அல்லது படிப்போ சொத்தோ வேண்டும். அல்லது 5 வருடம் இங்கே இருந்து, நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறேன் என்று சான்றிதழ் பெற வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து ஒரே லயத்தில் இருந்தவரிடம், நீ இங்கே இருக்கப் போகிறாயா என்று கேட்ட சட்டம் அது.

இருந்தும் மக்கள் பதிந்தார்கள். 1931இல் சுமார் 1 லட்சம் இந்திய வாக்காளர் இடாப்பில் இருந்தார்கள். 1939இல் அது 2 லட்சத்து 25 ஆயிரமானது. பதிவு அதிகாரிகள் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியதும் 1943இல் 1 லட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்தது. பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அந்த மூன்று எண்களே சொல்கின்றன.

1931இல் ஹட்டனில் போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வாணிப அமைச்சரானார். தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம் வென்றார். 1936இல் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பதினொரு வருடத்துக்கு முன் வியாபாரிகளின் வாக்கில் சபைக்குப் போனவர், இந்த முறை தொழிலாளரின் வாக்கிலேயே போனார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்த மாற்றம்தான். 1947 வரை அங்கே இருந்தார்.

சப்ரகமுவைக்கு அப்படி ஒரு உறுப்பினர் அமையவில்லை. காரணம் நம் நிலத்திலேயே இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மலை மலையாகத் தோட்டம். இங்கே கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ஒரு தோட்டம், அடுத்து ஒரு சிங்களக் கிராமம், அதற்கப்பால் இன்னொரு தோட்டம். நம் வாக்குத் தனியாக ஒருவரை வெல்லவைக்கப் போதாது, வெல்பவரைத் தீர்மானிக்கப் போதும். 1934, 35இல் மலேரியா கேகாலைப் பக்கத்தை வாரிக்கொண்டு போனபோது மருந்தோடும் உணவோடும் வந்தவர்கள் இடதுசாரி இளைஞர்கள். அவர்களில் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியில் வென்றார். 1947இலும் அங்கேயே வென்றார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அதை எதிர்த்த கட்சி அவருடையது. நம் இனத்தவர் என்பதால் பேசுபவர் மட்டும்தான் பிரதிநிதி என்று நினைத்தால் சப்ரகமுவையின் கதை நமக்குப் புரியாது.

1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராமவாசிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்து எழுந்ததை நம்மவர்கள் உருளவள்ளிப் போராட்டம் என்று சொல்வார்கள். காணியில்லாத கிராமத்து ஏழைக்குக் காணி கொடுப்பது நியாயம். அந்தக் காணியில் தலைமுறையாக உழைத்த ஏழையை வெளியே போ என்பது எந்த நியாயம்? லயத்தை விட்டு வெளியேறும்படி தொழிலாளருக்கு அறிவித்தல் வந்தது. அவர்கள் போகவில்லை. சுற்றியிருந்த தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன. 1939இல் பிறந்த இலங்கை இந்தியன் காங்கிரஸ் அந்தப் போராட்டத்தை முன்னெடுத்தது. வெளியேற மறுத்தவர் மீது குற்ற அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தன் குடியிருப்பில் தொடர்ந்து இருக்க விரும்பியதை, மற்றவரைத் தொந்தரவு செய்யும் நோக்கம் என்று கொள்ள முடியாது என்பது 1950இல் முடிவானது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். சௌ. தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை, கே. ராஜலிங்கம் போன்றோர் அவர்களில் அடங்குவர். நடேசய்யர் விதைத்த பயிர் அது. அந்த வருடம் நவம்பரில் அவர் காலமானார். அடுத்த வருடம் வந்த சட்டத்தைப் பார்க்கும் துயரம் அவருக்கு இல்லாமல் போனது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 18 வருடம் வாக்களித்த ஒரு சமுதாயம் இடாப்பிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டது.

இதை எதிர்த்து நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்களுக்குப் போன வழக்கு சப்ரகமுவையிலிருந்து போனது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி 1950இல் கோடகன்பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், அந்தச் சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லாதவை என்று தீர்மானித்தார். ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவு. ஒரு மாவட்ட மட்டத்து அதிகாரி பாராளுமன்றத்தின் சட்டத்தையே செல்லாது என்று எழுதிய துணிவை நினைக்க வேண்டும். அரசாங்கத் தரப்பு மேலே போனது. 1951இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை மாற்றியது. 1953இல் பிரிவி கவுன்சிலும், தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு உள்ள இயல்பான உரிமை என்று சொல்லி மேன்முறையீட்டைத் தள்ளியது.

ஒரு பெயர் இடாப்பில் ஏறவில்லை. அதோடு லட்சக்கணக்கான பெயர்களும் ஏறவில்லை. 1952 தேர்தலில் காங்கிரசின் அந்த 7 இடங்களும் போயின. இடாப்பில் பெயர் போனால் பிரதிநிதியும் போவார் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பிறகு வந்த வருடங்களை நம் வீடுகள் மறக்கவில்லை. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் போன குடும்பங்கள் காவத்தையிலும் தெஹியோவிட்டையிலும் இன்னமும் இருக்கின்றன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாப் பக்கம் போய்விட்டார்கள். எண்ணிக்கை குறையக் குறைய வாக்கின் பலமும் குறைந்தது. 1988லும் 2003லும் வந்த சட்டங்களால்தான் நாடற்றவர் என்ற நிலை ஒரு முடிவுக்கு வந்தது.

பிரதிநிதி திரும்ப வந்தது மெதுவாக. 2012இல் சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலில் 44 இடங்களில் 2 இடங்களை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வென்றது. அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. 2024 நவம்பர் 14இல் நடந்த பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டம் சுந்தரலிங்கம் பிரதீப் என்ற மலையகத் தமிழரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர் பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராகவும் ஆனார். அவரது கட்சியை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் சிங்கள வாக்காளர் மிகப் பெரும்பான்மையாக உள்ள ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு தோட்டத்துத் தமிழர் போக முடிந்தது என்பது சின்ன விஷயமல்ல.

ஆள் போனால் போதுமா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான், தோட்டத்துக்குள் பாதை போட பிரதேச சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று சொல்லி வந்தார்கள். தோட்டத்தை ஊராட்சிக்கு வெளியே வைக்கும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கிராமச் சபைச் சட்டங்களிலிருந்தே தொடர்ந்து வந்தது. நாம் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர் நம் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியாமல் 30 வருடம் இருந்தார். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தின் ஒரு வரி ஒரு சமுதாயத்தின் பாதையை இத்தனை காலம் அடைத்து வைக்க முடியும் என்றால், சட்டசபையில் அந்த வரியைப் படித்துக் கேள்வி கேட்கும் ஆள் நமக்கு எவ்வளவு தேவை!

நடேசய்யர் சபைக்கு எடுத்துச் சென்றது பெண்டுகளிடமும் ஆண்களிடமும் லயத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட விவரங்கள். அந்த அளவுகோலை இன்றைய உறுப்பினர்களுக்கும் வைப்போம். தேர்தல் காலத்தில் கும்பிட வருபவரிடம், சபையில் எந்த நாளில் எங்களைப் பற்றி என்ன கேட்டீர்கள் என்று கேட்போம். பதில் சொல்லத் தெரியாதவருக்கு இரண்டாம் முறை வாக்குப் போடாதிருப்போம்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. லயத்தில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாத தோட்டங்கள் இன்றும் ஏராளம். கடிதமும் வாக்காளர் அட்டையும் தோட்டத்து ஒப்பிசுக்கு வந்து அங்கேயே தங்கிப்போவதுண்டு. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளையின் பெயர் எங்கேயும் பதியப்படாமல் விடுபடுவதுண்டு. வருடா வருடம் கிராம உத்தியோகத்தர் வாக்காளர் பதிவுக்கு வரும்போது, வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் பெயரையும் கொடுங்கள். இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். ருவான்வெல்லையில் 1950இல் ஒரு மனிதர் தன் ஒரு பெயருக்காக லண்டன் வரை போனார். நமக்கு கிராம உத்தியோகத்தரின் காரியாலயம் வரை போனால் போதும்.